கேமரா போச்சு என்று கழற்றும் முன்

"சார், கேமரா போயிடுச்சு. வேற ஒண்ணு மாத்திடுங்க."

எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்போது போகிறது? நாள் முழுக்கப் படம் இல்லையா, ராத்திரி மட்டுமா, மழை பெய்தால் மட்டுமா, சாயங்காலம் எல்லாரும் வீடு திரும்பிய பிறகா? படம் வரவில்லை என்றால் வரவில்லை, இதில் நேரமென்ன காலமென்ன என்று சிலர் எரிச்சல்படுவார்கள். ஆனால் நெட்வொர்க் கேபிளிலோ வைஃபையிலோ படம் அனுப்பும் கண்காணிப்புக் கேமராவில், அதாவது நெட்வொர்க் கேமராவில், கோளாறு வரும் நேரம்தான் முதல் துப்பு. அதைக் கவனிக்காமல் ஏணி போட்டு ஏறிக் கேமராவைக் கழற்றுவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே அதிகச் செலவு வைப்பது.

சென்னை மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பின்பக்கம் பைக் நிறுத்தும் இடத்தில் இருந்த கேமரா தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் செத்துவிடும். ஒரு நிமிடத்தில் உயிர் வரும், மறுபடி சாகும். காலையில் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். நான் போவதற்குள் சங்கச் செயலாளர் இரண்டு கேமராக்களை மாற்றியிருந்தார். மூன்றாவதும் அதே நேரத்துக்கு அதே ஆட்டம். வாட்ச்மேன் அண்ணன் இது பேய் வேலைதான் என்று முடிவே கட்டிவிட்டார்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கரண்ட் போதவில்லை.

இருட்டியதும் கேமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு எல்இடிகள் எரியத் தொடங்கும். பகலில் கால் ஆம்பியரில் ஓடிக்கொண்டிருந்த கேமரா அப்போது அரை ஆம்பியர் கேட்கும். அந்தக் கட்டடத்தில் 12 வோல்ட் அடாப்டரை வாட்ச்மேன் அறையில் வைத்து, நெட்வொர்க் கேபிளில் மிச்சமிருந்த ஒரு ஜோடிக் கம்பி வழியாக 60 மீட்டர் தூரம் கரண்ட் கொண்டுபோயிருந்தார்கள். போக 60, வர 60 என்று மொத்தம் 120 மீட்டர் மெல்லிய கம்பி. நல்ல செம்பாக இருந்தாலும் அதன் தடை சுமார் 10 ஓம். அரை ஆம்பியர் ஓடினால் 5 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். கேமராவுக்குப் போய்ச் சேர்வது 7 வோல்ட். பகலில் இழப்பு பாதிதான் என்பதால் ஒன்பதரை வோல்ட்டை வைத்து அது எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் இன்னொரு தவறும் நடக்கும். எலெக்ட்ரீஷியன் வந்து கேமராவின் பிளக்கைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்து, "12 வோல்ட் கரெக்டா வருது சார்" என்பார். வரத்தான் செய்யும். கரண்ட் ஓடாத கம்பியில் இழப்பு ஏது? கேமரா இணைப்பிலேயே இருக்க வேண்டும், எல்இடி எரிய வேண்டும், அப்போது அளக்க வேண்டும். இதற்கு ராத்திரி வரை காத்திருக்கவும் வேண்டாம். கேமரா முகத்தில் இருக்கும் லைட் சென்சாரை மதியமே ஒரு கறுப்புத் துணியால் மூடினால் அது ராத்திரி என்று நினைத்துக்கொள்ளும். அப்போதே கேமரா அணைந்து எழுந்தால் குற்றவாளி கரண்ட்தான். எதிர்த்திசையிலும் சோதிக்கலாம். ராத்திரியில் செட்டிங்கில் போய் அகச்சிவப்பு விளக்கை அணைத்துப் பாருங்கள். படம் இருட்டாக இருக்கும், ஆனால் இணைப்பு அறுந்துபோகாமல் நிற்கும்.

இதனால்தான் தூரம் போகும் கேமராவுக்கு நான் பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்களை இணைத்து, அதே கேபிளில் கரண்டும் அனுப்பும் பெட்டி) போடச் சொல்வேன். அது அனுப்புவது 48 வோல்ட் அளவில். அதே வாட்டுக்கு ஆம்பியர் நான்கில் ஒரு பங்கு போதும், கம்பியில் வீணாகும் வாட் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 2003ல் வந்த 802.3ஏஎஃப் தரத்தின்படி ஸ்விட்ச்சின் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும். 100 மீட்டர் கேபிள் கடந்த பிறகும் 12.95 வாட் கேமராவுக்குக் கிடைக்கும். ஆனால் எட்டு போர்ட் இருப்பதால் எட்டுக்கும் முழு வாட் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்விட்ச்சின் அடியில் மொத்த வாட் தனியாக அச்சாகியிருக்கும். அது 60 என்றால், ராத்திரி ஆளுக்கு 9 வாட் கேட்கும் எட்டுக் கேமராக்களை அது தாங்காது. ஏதோ ஒன்றிரண்டு அணையும். அணைந்ததைக் கழற்றி மாற்றினால் புதியதும் அணையும்.

கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு கேட்6 (நெட்வொர்க் கேபிள் வகை) சுருள்களுக்கு விலை வித்தியாசம் பலமாக இருந்தால், மலிவானது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதாக இருக்கும். கையில் தூக்கினாலே எடை குறைவது தெரியும். கம்பியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக மின்னும். அதன் தடை நல்ல செம்பைவிடப் பாதிக்கு மேல் அதிகம், இரண்டு முறை வளைத்தால் ஒடியவும் செய்யும். கேமராவில் பத்தாயிரம் போட்டுவிட்டுக் கேபிளில் ஆயிரம் மிச்சம் பிடிப்பவர்களை என்ன சொல்வது?

ராத்திரியில் மட்டும் பனிமூட்டம்

இணைப்பு நன்றாக இருக்கும், படம் மட்டும் ராத்திரியில் பால் ஊற்றியதுபோல் வெளுத்துப்போகும். உடனே பிரைட்னெஸ், கான்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் திருகுவார்கள். பகல் படமும் சேர்ந்து கெடுவதுதான் மிச்சம். கேமராவின் விளக்கொளி எதிலாவது பட்டு லென்ஸுக்கே திரும்புகிறது, அவ்வளவுதான். அந்த "எதிலாவது" அநேகமாக ஒரு சிலந்தி வலை. அல்லது கேமராவை மூடியிருக்கும் டோம் கண்ணாடியில் படிந்த தூசி, மாட்டும்போது பதிந்த கைரேகை, படத்தின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் வெள்ளையடித்த சன்ஷேடு. பக்கத்தில் இருக்கும் வெள்ளைச் சுவர் பளிச்சென்று திருப்பி அடித்தால், வெளிச்சம் தாராளமாக இருப்பதாகக் கேமரா நம்பி எக்ஸ்போஷரை (உள்ளே வாங்கும் ஒளியை) குறைத்துக்கொள்ளும். கேட் பக்கம் கும்மிருட்டாகிவிடும். கேமராவை அரை அங்குலம் திருப்பினால் தீர்ந்துபோகும் விஷயம் இது. ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே கேமராவை வைத்து வெளியே பார்க்க நினைப்பவர்களுக்கும் இதே கதிதான். அங்கே அகச்சிவப்பை அணைத்துவிட்டு வெளியே ஒரு விளக்குப் போட வேண்டியதுதான்.

துடைக்கும்போது தின்னரும் பெட்ரோலும் வேண்டாம். டோம் பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக், ஒரே துடைப்பில் மங்கிவிடும். சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி போதும். டோமைக் கழற்றினால் லென்ஸைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் பழையபடி கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது விலகினாலும் விளக்கொளி உள்ளுக்குள்ளேயே லென்ஸுக்குப் போகும், அதே பனிமூட்டம் வரும். (கடையில் ஒட்டி வந்த பாதுகாப்பு பிளாஸ்டிக்கை உரிக்காமலேயே ஆறு மாதம் ஓட்டிய வீட்டையும் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன்.)

பகலில் மரத்து இலைகள் ரோஜா நிறத்தில், கறுப்புச் சட்டை ஊதா நிறத்தில் தெரிந்தால் கதை வேறு. அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி லென்ஸுக்குப் பின்னால், சென்சாருக்கு முன் வந்து உட்காராமல் சிக்கிக்கொண்டிருக்கிறது. செட்டிங்கில் பகல், இரவு என்று நாலைந்து முறை மாற்றிப் பாருங்கள். 'டிக்' சத்தம் கேட்டு நிறம் திரும்பினால் நல்லது. திரும்பாவிட்டால் உண்மையிலேயே அது கேமரா கோளாறுதான். டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் கோடுகள் ஓடினால் கேமரா செட்டிங்கில் மின்சார அதிர்வெண் 60 ஹெர்ட்ஸில் இருக்கும். நம் ஊர்க் கரண்டுக்கு 50 என்று மாற்றுங்கள்.

"நம்பர் பிளேட் தெரியல, கேமரா மட்டம்" என்ற புகாருக்கும் கேமராவைத் திட்டிப் பயனில்லை. ஓர் ஆளை அடையாளம் சொல்ல ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது துறையில் வழங்கும் கணக்கு. 1920 பிக்சல் அகலப் படத்தில் அது ஏழே முக்கால் மீட்டர் அகலத்துக்குத்தான் வரும். 2.8 மில்லிமீட்டர் அகல லென்ஸில் அந்த அகலம் மூன்று மீட்டர் தூரத்திலேயே வந்துவிடும். அதற்கு மேல் உருவம் தெரியும், முகம் தெரியாது. தெருமுனை வரை தெரிய வேண்டும், கேட்டில் நிற்பவர் முகமும் தெரிய வேண்டும் என்றால் கேமரா இரண்டு வேண்டும்.

மழையும் உப்புக்காற்றும்

ஐப்பசி, கார்த்திகை வந்தால் எனக்குத் தூக்கம் குறைவு. கேமரா ஐபி66 (தூசி, தண்ணீர் தாங்கும் தரம்), மழைக்கு ஒன்றும் ஆகாது என்று பெட்டியில் போட்டிருக்கும். உண்மைதான், ஆனால் அது உடம்புக்கு. பின்னால் தொங்கும் வாலுக்கும் அதில் குத்திய கனெக்டருக்கும் இல்லை. அதைச் சுவரோரம் அப்படியே தொங்கவிட்டு, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். டேப் தண்ணீரை உள்ளே விடாமல் இருப்பதைவிட, உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமல் வைத்திருப்பதில்தான் கெட்டி. பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம் கடற்காற்று வேறு. இரண்டு வருடத்தில் கனெக்டரைத் திறந்தால் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அப்படியிருந்தால் சுரண்டிச் சமாளிக்காமல் அந்த முனையை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டரை க்ரிம்ப் செய்யுங்கள் (அழுத்திப் பொருத்துங்கள்). இணைப்பை மூடிபோட்ட பெட்டிக்குள் வையுங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

மழை நாளில் மட்டும் அறுந்து, வெயில் அடித்ததும் சரியாகும் கேமராவில் முதலில் பார்க்க வேண்டியது இந்த முனையைத்தான்.

கரண்ட் போய் வந்த பிறகு காணவில்லை

நேற்று வரை தெரிந்த கேமரா, கரண்ட் போய் வந்ததும் ரெக்கார்டரில் காணவில்லை. ரூட்டர் அணைந்து எழுந்தபோது கேமராவுக்கு நெட்வொர்க்கில் வேறு முகவரி (எண்) கொடுத்திருக்கும். ரெக்கார்டர் பழைய வாசலில் போய்த் தட்டிக்கொண்டிருக்கும். கேமராவுக்கு நிரந்தர முகவரி கொடுங்கள், ரூட்டர் மற்றவர்களுக்குப் பகிர்ந்து தரும் எண்களுக்கு வெளியே இருக்கும்படி. இரண்டு புதுக் கேமராக்களை ஒரே நேரத்தில் இணைப்பதும் தவறு. ஹிக்விஷன் கேமரா 192.168.1.64 என்ற முகவரியோடும், டாஹுவா 192.168.1.108 என்ற முகவரியோடும் வரும். ஒரே கம்பெனியின் இரண்டை ஒன்றாக மாட்டினால் இரண்டும் ஒரே கதவு எண்ணுக்குச் சண்டை போட்டு, மாறி மாறி வந்து போகும். ஒன்றை மாட்டி, முகவரியை மாற்றிவிட்டு அடுத்ததை எடுங்கள்.

கேமராவையும் ரெக்கார்டரையும் இன்வெர்ட்டரில் போட்டுவிட்டு, நடுவில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சை விட்டுவிடுவதும் நம் ஊரில் சாதாரணம். கரண்ட் போனால் இரண்டிலும் விளக்கு எரியும், எதுவும் பதிவாகாது.

வைஃபை கேமரா என்றால், பல மாடல்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். போன் 5 ஜிகாஹெர்ட்ஸில் இருந்தால் இணைக்கும்போதே தகராறு வரும். அப்புறம், அடுக்குமாடிகளில் 2.4ல் நெரிசல் அதிகம். சாயங்காலம் மட்டும் படம் தடங்கினால் ரூட்டரில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் எது காலி என்று பாருங்கள். வெளியூரிலிருந்து பார்க்கும்போது தடங்கினால், வீட்டு இணைப்பின் அப்லோடு வேகம்தான் பிரச்சினை. 4 எம்பிபிஎஸ் கேமரா எட்டு என்றால் 32 எம்பிபிஎஸ் அப்லோடு வேண்டும். போனில் சப்ஸ்ட்ரீமை (தரம் குறைந்த சிறிய படத்தை) தேர்ந்தெடுங்கள். அதே 4 எம்பிபிஎஸ் ஒரு நாளைக்கு 43 ஜிபி பதிவாகும் என்பதையும் ஹார்டு டிஸ்க் வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் (வெளியிலிருந்து கேமராவுக்கு ரூட்டரில் வழி திறந்தும்) வெளியிலிருந்து திறக்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள், ரூட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்குகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்திருக்கிறார்கள், நீங்கள் என்ன செய்தாலும் திறக்காது. திறக்காததும் ஒருவகையில் நல்லதே. 2016ல் மிராய் என்ற நிரல், தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாமல் இணையத்துக்குத் திறந்துவைத்த கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துத்தான் பெரிய இணையதளங்களையே முடக்கியது.

ரீசெட் பட்டனை முதல் வேலையாக அமுக்காதீர்கள். முகவரி, பாஸ்வேர்டு, நேரம் எல்லாம் அழிந்துபோகும். எதனால் கெட்டது என்ற தடயமும் சேர்ந்து போகும். அதற்குப் பிறகு கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை. பைக் திருடு போய் போலீஸ் பதிவு கேட்கும் நாளில்தான் படத்தில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருப்பது தெரியும்.

மடிப்பாக்கத்தில் கடைசியில் மாற்றியது கரண்ட் வழியைத்தான். அந்தப் பின்பக்கக் கேமராவை மட்டும் பிஓஇக்கு மாற்றினோம். செத்துவிட்டதாகச் சொல்லிச் செயலாளர் அலமாரியில் போட்டிருந்த இரண்டு கேமராக்களையும் வாங்கிச் சோதித்தேன். ஒன்று இப்போது லிஃப்ட் வாசலில் இருக்கிறது, இன்னொன்று மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்.