புலப்படத்தை ரப்பராக இழுக்காதீர்கள்

நகரின் முழுமைத் திட்டத்துக்கு (மாஸ்டர் பிளான்) ஜிஐஎஸ் என்ற கணினி வரைபடம் போட உட்காரும் புதியவர்கள் நிறக் குழப்பத்துக்கும் எழுத்துப் பிழைக்கும்தான் அதிகம் பயப்படுகிறார்கள். அவற்றை ஒரே நாளில் திருத்திவிடலாம். கீழே உள்ள பிழைகளோ அரசிதழ் வரை போய்விடும்.

வரப்போடு பொருத்துவது

எஃப்எம்பியை, அதாவது புலத்தின் அளவுகள் எழுதிய புலப்படத்தை, ஸ்கேன் செய்து செயற்கைக்கோள் படத்தின் மேல் வைக்கிறார்கள். வரப்போடு சேராத மூலையை 'ரப்பர் ஷீட்டிங்' போட்டு, அதாவது படத்தை ரப்பர் போல வளைத்து, இழுத்துவிடுகிறார்கள். பார்க்க அச்சாகப் பொருந்தும், வினையே அங்கேதான். வரப்பு உழுதவர் விட்ட இடம். எல்லை என்பது புலப்படத்தில் எழுதியிருக்கும் அளவு.

100 மீட்டருக்கு 50 மீட்டர் புலம் 50 ஏர் (1 ஏர் 100 சதுர மீட்டர்). நீளத்தை 4 மீட்டர் இழுத்தால் 52 ஏர் ஆகிவிடும், கிராமத்தின் நிலக்கணக்கான அ-பதிவேட்டிலோ 50தான் இருக்கும். கூடிய 2 ஏர் பக்கத்துப் புலத்துடையது. இதன் மேல் 60 அடி (சுமார் 18 மீட்டர்) திட்டச் சாலை வரைந்தால் 9 மீட்டர் பிசகு போதும், பாதிச் சாலை அடுத்த சர்வே எண்ணில் விழும். சம்பந்தமில்லாதவரின் கட்டட அனுமதி நின்றுபோகும். எடுக்க வேண்டிய நிலத்தைக் கையகப்படுத்த 1971 தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 38ஆம் பிரிவு தரும் 3 ஆண்டுக் கெடுவோ வீணாகும்.

ஸ்கேனைத் தடம்பிடித்து வரையாதீர்கள், பழைய தாள் சுருங்கியிருக்கும். எழுதிய அளவுகளையே உள்ளிடுங்கள்: முதலில் ஜி-லைன் (புலத்தை அளக்கப் போட்ட அடிப்படைக் கோடு), பிறகு அதிலிருந்து ஆஃப்செட் (கோட்டிலிருந்து எல்லை மூலைக்குச் செங்குத்துத் தூரம்). அளவு செயினிலா மீட்டரிலா என்று பாருங்கள். 1 செயின் 100 லிங்க், அதாவது 20.1168 மீட்டர். அடுத்து சர்வே கற்களில் டிஜிபிஎஸ் (துல்லிய ஜிபிஎஸ்) அளவு எடுத்து, வரைந்ததை அந்தக் கற்களோடு பொருத்த ஹெல்மர்ட் உருமாற்றம் செய்யுங்கள். அது நகர்த்தும், சுழற்றும், சீராகப் பெரிதாக்கும், கோணத்தைக் கெடுக்காது. கணக்குக்கு 2 கல் போதும், ஆனால் பிழை வெளியே தெரிய 4 வேண்டும். ஒரு கல்லில் மட்டும் பிழை துருத்தினால் அதைப் பெயர்த்து நட்டிருக்கலாம். சர்வேயரைக் கூப்பிடுங்கள், மௌஸைத் தொடாதீர்கள்.

மண்டலம் மாறுவது

உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் யுடிஎம் முறையில் கோவை மண்டலம் 43, சென்னை 44. பிரிக்கும் 78° கிழக்குக் கோடு திண்டுக்கல்லை ஒட்டிக் கிழக்கே போகிறது. ஏதாவது ஒரு மண்டலத்தைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஓரத்தில் தரையின் 1 கிலோமீட்டர் படத்தில் சுமார் 90 செ.மீ. கூடுதலாக வரும். அது அளந்தவர் பிழையல்ல.

டிகிரியில் பஃபர்

பஃபர் என்பது ஒன்றைச் சுற்றி இத்தனை தூரம் என்று போடும் வளையம். அதை டிகிரியில் போடாதீர்கள்.

மேம்பாலத்தில் முடிச்சு

சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தில் மேலும் கீழும் போகும் சாலைக் கோடுகள் வெட்டும் இடத்தில் எல்லாம் நோட் (இணைப்பு முடிச்சு) வைத்தால், வழித்தடக் கணக்கில் பேருந்து பாலத்திலிருந்து நேரே கீழே குதிக்கும். மட்ட எண் கொடுங்கள், சரிவுப்பாதை சேரும் இடத்தில் மட்டும் இணையுங்கள்.