திருத்தத்தைத் தண்டனையாக்காதீர்கள்: பாலே பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பின் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் சனிக்கிழமைக் காலைகளில் பாலே வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிச்செல்லும் தமிழ்ப் பெற்றோரிடம் காரணம் கேட்டால், பெரும்பாலானோர் நடனத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஒழுங்கு வரும், நிமிர்ந்து நிற்கப் பழகுவாள், சபைக் கூச்சம் போகும் என்பார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் பயின்றவள் என்ற முறையிலும், இப்போது சிறுபிள்ளைகளின் வகுப்பில் உதவி ஆசிரியையாக நிற்பவள் என்ற முறையிலும், அந்த எதிர்பார்ப்பு நியாயமானது என்றே சொல்வேன். ஆனால் அந்தக் குணங்கள் மாதக் கட்டணத்தோடு சேர்ந்து வருவதில்லை. ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியை. ஒரு பிள்ளை பொறுமைசாலியாகவும் இன்னொரு பிள்ளை தன் உடலைக் கண்டே கூசுகிறவளாகவும் வளர்ந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். திருத்தம் சொல்லப்படும்போது அதைப் பிள்ளை எப்படி ஏற்றுக்கொள்கிறாள், வீட்டார் அதை என்னவாக மாற்றுகிறார்கள் என்பதில்தான் இந்த வேறுபாட்டின் வேர் இருக்கிறது.

வகுப்பு நடக்கும் முறையைச் சற்று விளக்கினால் இது புரியும். சுவரோரம் பொருத்தியிருக்கும் மரக்கம்பைப் பிடித்துக்கொண்டு, இரு முழங்கால்களையும் மெதுவாக மடக்கி நிமிரும் பிளியே என்ற பயிற்சியோடு வகுப்பு தொடங்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளையும் அதிலிருந்தே தொடங்குகிறாள். உலகின் பெரிய அரங்குகளில் முதன்மை வேடம் ஏற்பவர்களும் ஒவ்வொரு நாளும் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். வலப்பக்கம் செய்ததை உடனே திரும்பி நின்று இடப்பக்கமும் செய்ய வேண்டும். எல்லோருக்கும் ஒரு பக்கம் வாய்ப்பாகவும் மறுபக்கம் முரண்டாகவும் இருக்கும். முரண்டு பிடிக்கும் பக்கத்தைத் தவிர்த்துவிட்டுப் போக இந்த வகுப்பில் வழியில்லை. இதற்கிடையில் ஆசிரியை வரிசையோடு நடந்துவந்து தோளைத் தாழ்த்து, இடுப்பை நேராக்கு, முழங்கால் கால்விரலுக்கு நேரே இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே போவார். பாடசாலையில் எந்தப் பாடமும் ஒரு பிள்ளையின் பிழையை இத்தனை தடவை, மற்றவர்கள் முன்னிலையில், அவளுடைய உடலைச் சுட்டியே சொல்வதில்லை. பத்து ஆண்டுகளுக்கு வாரம் இரண்டு தடவை இது நடந்தால் ஒரு மனத்தில் அது பதியாமல் போகாது.

ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி. பிளியே செய்யும்போது அவளுடைய இடது முழங்கால் உள்ளே சாயும். ஆசிரியை குனிந்து இரண்டு விரல்களை அந்த முழங்காலின் உட்பக்கத்தில் வைத்து, "இந்த விரலைத் தள்ளிப் பார்" என்பார். பிள்ளை தள்ளுவாள், முழங்கால் நேராகும், விரலை எடுத்ததும் மீண்டும் சாயும். மூன்று மாதம் இதுவே நடந்தது. நான்காம் மாதத்தில் ஒருநாள் ஆசிரியை கிட்ட வருவதற்கு முன்பே அவள் கண்ணாடியில் தன் முழங்காலைப் பார்த்துத் தானே நேராக்கிக்கொண்டாள். யாரும் பாராட்டவில்லை, ஆசிரியை அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். அவள் முகத்தில் வந்த அமைதியை நான் மட்டும் பார்த்தேன். தன் பிழையைப் பிறர் சொல்லுமுன் வெட்கப்படாமல் தானே காணும் திறன் எனக்குத் தெரிந்து பாலே தரும் மிகப் பெரிய செல்வம். கணக்குப் படிக்கும்போதும் பின்னாளில் வேலைக்குப் போகும்போதும் அது அவளுக்கு உதவும்.

அந்தச் செல்வத்தைப் பாழாக்கும் முதல் தவறு பெரும்பாலும் வீட்டுக்குத் திரும்பும் முச்சக்கர வண்டியில்தான் நடக்கிறது. "இன்டைக்கும் மிஸ் உன்னைத்தானே பிழை சொன்னவா? பக்கத்துப் பிள்ளையை ஒண்டும் சொல்லேல்லையே" என்று அம்மா கேட்பார். நல்ல எண்ணத்தோடு கேட்கும் கேள்விதான். ஆனால் அதுவரை முழங்காலைப் பற்றியதாக இருந்த ஒரு சொல், அந்தக் கணத்தில் பிள்ளையைப் பற்றிய தீர்ப்பாகிவிடுகிறது. அடுத்த கிழமை ஆசிரியை அருகில் வந்தவுடன் அவளுடைய உடல் இறுகும். இறுகிய உடலால் எதையும் திருத்த முடியாது. பாலே வகுப்பில் ஒருவருக்குச் சொல்லப்படும் திருத்தத்தைக் கேட்டு எல்லோரும் தம்மைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது வழக்கம் என்பதையும், முன்னேறும் என்று தோன்றும் பிள்ளையிடமே ஆசிரியைகள் மீண்டும் மீண்டும் வருவார்கள் என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். "இன்டைக்கு என்ன திருத்தம் கிடைச்சது? எனக்கும் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு செய்துகாட்டுவாள்.

இதே தவறை ஆசிரியர்களும் செய்வதுண்டு. "முழங்கால் சாய்கிறது" என்பது திருத்தம். "உனக்கு எப்போதுமே கவனம் இல்லை" என்பது பழி. "வயிற்றை உள்ளே இழுத்து நில்" என்பது திருத்தம். "கொஞ்சம் கொழுத்துவிட்டாய்" என்பது காயம். பழியும் காயமும் அடிக்கடி விழும் வகுப்பில் பிள்ளை பயந்து ஒழுங்காக நிற்பாள். வெளியிலிருந்து பார்க்கும் பெற்றோருக்கு அது ஒழுக்கம் போலவே தெரியும். ஆசிரியை அறையை விட்டு வெளியேறிய பின்பும் அவள் வேலையைத் தொடர்கிறாளா என்று பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

உணவைப் பற்றி நான் மென்மையாகப் பேசப்போவதில்லை. வளரும் வயதில் உடலை மெலிதாக வைத்திருக்க உணவைக் குறைப்பது எந்தக் கலைக்காகவும் நியாயமாகாது. நாள் முழுதும் உழைக்கும் உடலுக்குப் போதிய உணவு கிடைக்காவிட்டால் மாதவிடாய் தாமதமாகும் அல்லது நின்றுவிடும்; எலும்பின் உறுதி குறையும்; சிறிய அடிகூட எலும்பில் கீறலாக மாறும். எலும்பு பெரும்பகுதி வலுவைச் சேர்த்துக்கொள்வது பதின்வயதில்தான். மாதவிடாய் மூன்று மாதம் வராமலிருந்தால், நடனம் ஆடுகிற பிள்ளைக்கு அப்படித்தான் என்று எண்ணாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது அவசரம். கால்விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான பொயின்ட் சப்பாத்து எப்போது என்று கேட்காத பிள்ளையும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்தச் சப்பாத்தின் முனை துணியும் கடதாசியும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிக் கடினமாக்கப்பட்டது. அதன் மேல் உடலின் முழுப் பாரமும் சில விரல்களில் இறங்கும்போது, தாங்க வேண்டியது பாதமும் கணுக்காலும் நடுவுடலும்தான். பிள்ளைகளின் பாத எலும்புகளில் வளர்ச்சி முடியாத மென்மையான பகுதிகள் இருப்பதால் பொதுவாக 11, 12 வயதுக்கு முன்னர் அதில் ஏற்றுவதில்லை. வயது வந்தால் மட்டும் போதாது. சில ஆண்டுகள் ஒழுங்கான பயிற்சியும், ஒற்றைக்காலில் தளராமல் பலமுறை குதிகாலை உயர்த்தி இறக்கும் வலுவும் வேண்டும். தோழிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக ஆசிரியையை நெருக்கும் பெற்றோர், காத்திருப்பது அவமானம் என்ற பாடத்தைத் தம்மை அறியாமலே பிள்ளைக்குப் புகட்டுகிறார்கள். நான் ஓராண்டு பிந்தியே அந்தச் சப்பாத்தைப் பெற்றேன். நாடாவை அம்மம்மாவின் ஊசியால் நானே தைத்தேன்; மூன்று தடவை பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

ஆனால் பொறுமையைத் தவறாகப் புரிந்துகொண்டவளும் நானேதான். பதின்மூன்று வயதில் வருடாந்த மேடைநிகழ்ச்சி நெருங்கியபோது கணுக்காலின் பின்புறம் வலிக்கத் தொடங்கியது. சொன்னால் என் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்து, ஆறு கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன். மேடையில் கைதட்டல் கிடைத்தது; அதன் பின் நான்கு மாதம் வகுப்பில் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். தசை உழைத்துச் சோர்ந்த நோவு இரண்டொரு நாளில் அடங்கும். ஒரே இடத்தில் கூர்மையாகக் குத்தி, நாளுக்கு நாள் கூடும் வலி வேறு. இரண்டையும் பிரித்தறிந்து வாய்திறந்து சொல்லும் நேர்மையும் பயிற்சியின் ஒரு பகுதி என்று அப்போது எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். காலை வெளிப்புறம் திருப்புவது இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். இடுப்பில் இல்லாத திருப்பத்தைப் பாதத்தால் பலவந்தமாகக் காட்டினால் முழங்கால் முறுக்குப்படும். தொடர்மாடி வீட்டின் டைல்ஸ் தரையில் குதித்துப் பழகவும் விடாதீர்கள். துள்ளலை உள்வாங்கும் மரத்தரைக்கு உரிய பயிற்சி அது.

பரதத்தையும் பாலேயையும் எதிரெதிராக நிறுத்துவது நம்மவரிடையே காணும் இன்னொரு தவறு. ஒரு பிள்ளை இரண்டையும் பயின்றால் "எது உன்னுடையது" என்று உறவினர் கேட்பார்கள். சென்னையில் பரதம் கற்பிக்கும் கலாக்ஷேத்ராவை 1936இல் நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் பயின்றது பாலேயைத்தான். சொந்த மண்ணின் நடனத்தை நாடும்படி அவரைத் தூண்டியவர் ரஷ்ய நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவா. பரதத்தின் அரைமண்டியும் பாலேயின் பிளியேயும் முழங்காலை வெளித்திருப்பி மடக்கும் நிலைகளே. ஒன்று மண்ணை நோக்கி ஊன்றச் சொல்கிறது, மற்றது அங்கிருந்து மேலெழச் சொல்கிறது. ஒரே உடலில் இரண்டையும் வைத்திருக்கும் பிள்ளை எதையும் இழப்பதில்லை. ஆண்பிள்ளைகளைத் தடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: 1661இல் நடனத்துக்கென அரச கழகத்தை நிறுவிய பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி தாமே மேடையில் ஆடியவர்; பாரிஸ் ஒபெரா மேடையில் தொழில்முறை நடனப் பெண்கள் தோன்றியது 1681இல்தான்.

முதன்மை வேடம் கிடைக்காத பிள்ளையைத் தேற்றுவதாக எண்ணி ஆசிரியையைக் குறைகூறுவதும் வேண்டாம். பின்வரிசையில் நிற்பது எளிய வேலை என்று பெற்றோர் நினைக்கிறார்கள். 'ஸ்வான் லேக்' பாலேக்காக 1895இல் லெவ் இவானோவ் அமைத்த சிறிய அன்னங்களின் நடனத்தில் நான்கு பேர் கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொண்டு, தலையைத் திருப்பும் கணமும் பிசகாமல் ஆட வேண்டும். ஒருத்தி தனித்துத் தெரிந்தால் நால்வருக்கும் தோல்வி. பக்கத்தில் நிற்பவளின் மூச்சைக் கேட்டு ஆடும் இந்தப் பழக்கத்தை முதன்மை வேடம் அதிகம் கற்றுத்தராது.

பரீட்சைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டனில் 1920இல் தொடங்கப்பட்ட ரோயல் அகடமி ஒஃப் டான்ஸ் நிறுவனத்தின் தரப் பரீட்சைகளுக்கு நம் பிள்ளைகளும் தோற்றுகிறார்கள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளைப் போலவே இவையும் நல்ல படிக்கட்டுகள்தாம். ஆனால் பரீட்சைக்குரிய பயிற்சிகளை மட்டுமே ஆண்டு முழுதும் உருப்போட்ட பிள்ளைக்குப் புதிய இசை போட்டால் கால் எழாது.

கடைசியாக, நிறுத்தும் விதம். புலமைப்பரிசில் பரீட்சை, சாதாரண தரம், உயர்தரம் என்று ஏதோ ஒன்றுக்காகப் பெரும்பாலான பிள்ளைகள் பாலேயை விடுகிறார்கள், அதில் தவறில்லை. ஒரு நாள் திடீரென்று வராமல் போய்விடுவதுதான் தவறு. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் ஆசிரியையையும், பியானோ வாசிப்பவர் இருந்தால் அவரையும் நோக்கிக் கால் மடக்கி வணங்கும் வழக்கம் பாலேயில் உண்டு. சென்ற ஆண்டு உயர்தரப் படிப்புக்காக விலகிய ஒரு பிள்ளையை அவளுடைய அப்பா கடைசி வகுப்புக்குக் கூட்டிவந்து வாசலில் காத்துநின்றார். அன்று அவள் மரக்கம்பருகே தன் வழக்கமான இடத்தில் நின்று, வழக்கம்போலத் தோளுக்கு ஒரு திருத்தம் வாங்கி, அதைச் சரிசெய்துகொண்டு, முடிவில் மற்றவர்களோடு சேர்ந்து வணங்கிவிட்டுப் போனாள். உங்கள் பிள்ளையையும் அந்தக் கடைசி வகுப்புக்கு அனுப்பிவையுங்கள்.