ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும் பேராசிரியர்கள் சறுக்கும் இடங்கள்

ஒரு புரொபோசலை மூன்று பேர் படிக்கிறார்கள். முதலாமவர் அலுவலகத்தில் இருப்பவர். தகுதி உண்டா, இணைப்புகள் எல்லாம் இருக்கின்றனவா என்று மட்டும் பார்ப்பார். இரண்டாமவர் ரெஃப்ரி; அறிவியலை எடைபோடுபவர். மூன்றாமவர் ஆடிட்டர், நிதி வந்து, செலவாகி, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து ரசீதுகளைப் புரட்டுபவர். நம் ஆசிரியர்களில் பலர் நடுவில் இருக்கும் ரெஃப்ரியை மட்டும் மனத்தில் வைத்து எழுதுகிறார்கள். அதனால் நல்ல ஆய்வுத் திட்டங்கள்கூட முதல் ஆளிடமே நின்றுவிடுகின்றன. தப்பித்துப் போனவை மூன்றாம் ஆளிடம் மாட்டிக்கொள்கின்றன.

அறிவிப்பு வந்த பிறகு தொடங்குவது

பெரும்பாலான அறிவிப்புகளுக்கு ஒரு மாத அளவில்தான் அவகாசம் இருக்கும். அந்த முப்பது நாளில் ஆய்வுக் கேள்வியைக் கண்டுபிடித்து, கருவிக்குக் கொட்டேஷன் வாங்கி, இணை ஆய்வாளரின் ஒப்புதலைப் பெற்று, பதிவாளரிடமோ முதல்வரிடமோ கையெழுத்தும் வாங்குவது நடக்காத காரியம். கையெழுத்து ஒன்றுக்கே துறைத்தலைவர், டீன், பதிவாளர் என்று கோப்பு நகரப் பத்து நாள் ஆகும் இடங்கள் உண்டு. எனவே அறிவிப்பு இல்லாத மாதங்களில் ஐந்து பக்கக் கருத்துரு, புதுப்பித்த பயோடேட்டா, கருவிகளின் உத்தேச விலைப்பட்டியல் ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். அறிவிப்பு வந்ததும் படிவத்துக்கு ஏற்ப வெட்டி ஒட்டுவது மட்டுமே வேலையாக இருக்கட்டும்.

எங்கே தேடுவது என்பதிலும் ஒரு சோம்பல் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் வரும் பி.டி.எஃப். பல நேரம் முடிந்துபோன அறிவிப்பாக இருக்கும். மத்திய அரசின் ஆய்வு நிதியை வழங்கிவந்த எஸ்.இ.ஆர்.பி. என்ற வாரியமே இப்போது தனியாக இல்லை. 2023-இல் நிறைவேறிய சட்டத்தின்படி அது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தில், அதாவது ஏ.என்.ஆர்.எஃப்.-இல் அடங்கிவிட்டது. திட்டங்கள் சிலவற்றின் பெயரும் வரம்பும் மாறிவிட்டன. பல்கலைக்கழக மானியக் குழுவின் பழைய மைனர், மேஜர் புராஜெக்ட் திட்டங்கள் 12-ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தோடு ஓய்ந்தவை. இன்னும் சில கல்லூரிகளில் அவற்றின் படிவங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஏ.என்.ஆர்.எஃப்., டி.எஸ்.டி. (அறிவியல் தொழில்நுட்பத் துறை), டி.பி.டி. (உயிரித் தொழில்நுட்பத் துறை), ஐ.சி.எம்.ஆர். (மருத்துவ ஆராய்ச்சி), ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (சமூக அறிவியல் ஆராய்ச்சி) இணையதளங்களின் அறிவிப்புப் பக்கத்தையும், தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் பக்கத்தையும் மாதம் இருமுறை நேரில் பார்ப்பதே நம்பகமான வழி. அரை மணி நேர வேலை.

பொருந்தாத திட்டத்தில் போடுவது

நிதியின் அளவைப் பார்த்துத் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் மிகப் பரவலான தவறு. பிரதமர் இளம் ஆய்வாளர் நல்கையில் மூன்றாண்டுக்கு ரூ.60 லட்சம் வரை கிடைக்கும். ஆனால் அது பணித் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு, வயது வரம்பு 42, குறிப்பிட்ட பிரிவினருக்குத் தளர்வு உண்டு. ஷ்யூர் என்று அழைக்கப்படும் திட்டம் மாநிலப் பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்களை மனத்தில் வைத்து ரூ.30 லட்சம் அளவில் வந்தது. அங்கே ஐ.ஐ.டி. பேராசிரியருடன் போட்டியில்லை என்பதையே பலர் கவனிப்பதில்லை. மேட்ரிக்ஸ் திட்டம் கணிதத்துக்கும் கோட்பாட்டு அறிவியலுக்குமானது, ஆண்டுக்கு ரூ.2 லட்சம்தான், கருவி கேட்கும் இடமே அல்ல. சிறிய தொகை என்று கணிதத் துறையினர் ஒதுக்குவது வீண் கௌரவம். பயணத்துக்கும் நூலுக்கும் கணினிக்கும் அது தாராளமாகப் போதும், எழுத வேண்டிய பக்கங்களும் குறைவு. டேர் திட்டம் கல்லூரி ஆசிரியர் ஒருவர் தேசிய ஆய்வகத்திலோ ஐ.ஐ.டி.யிலோ பகுதிநேரமாக ஆய்வு செய்ய வழி தருகிறது. சொந்த ஆய்வகம் இல்லாதவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இது. ஆய்வகக் கட்டமைப்புக்கு டி.எஸ்.டி. தரும் ஃபிஸ்ட் தனிநபருக்கானதல்ல, துறைக்கானது.

தகுதி விதியில் ‘நிரந்தரப் பணி’ என்ற சொல்லைத் தாண்டிப் போகாதீர்கள். கௌரவ விரிவுரையாளர், ஒப்பந்த ஆசிரியர் ஆகியோர் பல திட்டங்களில் முதன்மை ஆய்வாளராக முடியாது. சுயநிதிப் பிரிவில் இருப்பவர்கள் தங்கள் நியமன ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. தனியார் நிறுவனங்களிடம் தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளப் பதிவெண், தணிக்கை செய்த கணக்கு போன்றவற்றைக் கேட்பதுண்டு. அவை கல்லூரி அறக்கட்டளையின் பெட்டியில்தான் இருக்கும், முதல்வரிடம் இருக்காது.

இன்னொன்று, தலைப்புக்கு மருத்துவ வேஷம் போடுவது. நானோதுகள் தயாரிக்கும் இயற்பியலாளர் கடைசி வரியில் ‘புற்றுநோய்ச் சிகிச்சைக்கு’ என்று சேர்த்து ஐ.சி.எம்.ஆர்.-க்கு அனுப்புவார். குழுவில் ஒரு மருத்துவர்கூட இல்லை. ரெஃப்ரிக்கு இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

நோக்கம் என்ற பெயரில் வேலைப்பட்டியல்

ரெஃப்ரி அதிக நேரம் செலவிடுவது நோக்கங்கள் பகுதியில். அங்கே ‘மாதிரிகளைச் சேகரித்தல், பண்புகளை ஆராய்தல், முடிவுகளை வெளியிடுதல்’ என்று இருந்தால் அது ஆய்வகத்தின் அன்றாட அலுவல், கேள்வி அல்ல.

ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். வாணியம்பாடி, ஆம்பூர் பகுதித் தோல் ஆலைக் கழிவுநீரிலிருந்து குரோமியத்தை நீக்க ஒரு வேளாண் கழிவுக் கரியைப் பயன்படுத்தும் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். இந்த வகைப் புரொபோசல்களில் எளிதாக நுழைந்துவிடும் பிழை ‘ஆறு இணைதிறன் குரோமியத்தை நீக்குதல்’ என்று எழுதுவது. தோல் பதனிடுவதில் போடுவது கார குரோமியம் சல்பேட். அதில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம், நச்சு அதிகமான ஆறு இணைதிறன் வடிவம் அல்ல. ஆறு இணைதிறன் பிரச்சினை பெரிதாக இருப்பது ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவுக் குவியல் போன்ற இடங்களில். உங்கள் கழிவுநீரில் எந்த வடிவம் எவ்வளவு என்று நீங்களே அளந்த ஓர் அட்டவணை இல்லாமல் இந்தத் தலைப்பில் போனால், முதல் கேள்வியிலேயே வீழ்வீர்கள். 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னை அடையாறிலேயே இருக்கிறது. குரோமியத்தை மீட்பது பற்றி அங்கே பல பத்தாண்டு வேலை நடந்திருக்கிறது. அதை இலக்கிய ஆய்வில் குறிப்பிடாமல் ‘இதுவரை யாரும் செய்யவில்லை’ என்று எழுதுவது ஆபத்து. ரெஃப்ரி அங்கிருந்தே வரலாம்.

அதே திட்டத்தைச் சரியாக எழுதினால் நோக்கம் எண்ணோடு வரும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் ஆறு இணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், மொத்த குரோமியம் 2 மில்லிகிராம் என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் வரம்பு. ‘நாள்தோறும் இவ்வளவு லிட்டர் உண்மையான கழிவுநீரை, உப்பு குறையாமல், கரி நிரப்பிய ஒரு குழாயில் செலுத்தினால் எத்தனை நாள்வரை 2 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருக்க முடியும்?’ என்பது கேள்வி. அதில் ‘உண்மையான’, ‘உப்பு குறையாமல்’ என்ற இரண்டு சொற்கள்தாம் திட்டத்தின் உயிர். காய்ச்சி வடித்த நீரில் குரோமியம் உப்பைக் கரைத்துச் செய்த பரிசோதனைகள் ஏற்கெனவே ஏராளம்.

கால அட்டவணையில் முதல் ஆறு மாதத்துக்கு ஆய்வு முடிவு எதுவும் போடாதீர்கள். ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் நியமனத்துக்கு விளம்பரம், நேர்முகம், ஆணை என்று இரண்டு மூன்று மாதம் போகும். கருவி வாங்க அதைவிடக் கூடுதல். முதல் மாதமே மாதிரி பகுப்பாய்வு என்று போட்டவர் புராஜெக்ட் நடத்தியதே இல்லை என்று ரெஃப்ரி முடிவுகட்டிவிடுவார்.

பட்ஜெட்டை நண்பரிடமிருந்து நகலெடுப்பது

ஆளுக்கான செலவிலிருந்து தொடங்குவோம். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரி 1 முதல் மாதம் ரூ.37,000. மூன்றாம் ஆண்டு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆக உயர்ந்தால் ரூ.42,000. இதன்மேல் வீட்டு வாடகைப் படி. 7-ஆவது ஊதியக்குழு விகிதப்படி சென்னைக்கு 30 சதவீதம். கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோட்டுக்கு 20. மற்ற ஊர்களுக்கு 10. திருச்சியில் ஓர் ஆண்டுக்கு (37,000 + 7,400) × 12 = ரூ.5,32,800. காரைக்குடியில் அதே ஆளுக்கு (37,000 + 3,700) × 12 = ரூ.4,88,400. திருச்சி நண்பரின் பட்ஜெட்டைக் காரைக்குடியில் ஒட்டினால் ஆண்டுக்கு ரூ.44,400 பிசகு. திருச்சியில் மூன்றாண்டுக் கணக்கு: முதல் இரண்டு ஆண்டு ரூ.10,65,600, மூன்றாம் ஆண்டு (42,000 + 8,400) × 12 = ரூ.6,04,800, மொத்தம் ரூ.16,70,400. விடுதி கொடுத்தால் வாடகைப் படி கிடையாது. நெட், கேட் போன்ற தகுதி இல்லாதவரை ஜே.ஆர்.எஃப். விகிதத்தில் எடுக்கவும் முடியாது. உங்கள் ஊரில் அந்தத் துறையில் நெட் முடித்தவர் கிடைப்பாரா என்று முன்பே யோசித்து, தேவையானால் புராஜெக்ட் அசோசியேட் என்று போடுங்கள்.

கருவியில் மறப்பது ஜி.எஸ்.டி. அரசு நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்களுக்கு அறிவியல் கருவிகள்மேல் இருந்த 5 சதவீதச் சலுகை 2022 ஜூலை 18-இல் எடுக்கப்பட்டுவிட்டது. இன்று பெரும்பாலான கருவிகளுக்கு 18 சதவீதம். ரூ.12 லட்சம் கொட்டேஷன் என்றால் வாங்கும் விலை ரூ.14,16,000. பழைய புரொபோசலைப் பார்த்து எழுதியவர் கருவியின் ஏதோ ஒரு பாகத்தை வெட்டித்தான் வாங்க வேண்டியிருக்கும். இறக்குமதிக் கருவிக்கு டாலர் விலை ஏற்றமும், யு.பி.எஸ்., நிறுவும் செலவு ஆகியவையும் உண்டு.

‘ஏன் இந்தக் கருவி?’ என்பதற்கு ‘ஆய்வுக்கு அவசியம்’ என்று ஒரு வரி எழுதுவது பதிலாகாது. மேலே சொன்ன குரோமியம் திட்டத்திலேயே அணு உறிஞ்சல் நிறமாலைமானி கேட்டால், அது மொத்த குரோமியத்தைத்தான் சொல்லும், வடிவத்தைப் பிரித்துச் சொல்லாது. ஆறு இணைதிறனை டைபினைல்கார்பசைடு போட்டு 540 நானோமீட்டரில் சாதாரண யு.வி. கருவியிலேயே அளக்கலாம். அது உங்கள் துறையில் ஏற்கெனவே இருக்கிறது என்பதும் பயோடேட்டாவில் தெரியும். அரிதாகத் தேவைப்படும் அளவீடுகளை ஐ.ஐ.டி. மெட்ராஸில் உள்ள, வெளியாரும் கருவிகளைப் பயன்படுத்தக்கூடிய சைஃப் மையம் போன்ற இடத்தில் மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டிச் செய்து, அந்தத் தொகையைச் செலவுத் தலைப்பில் காட்டுவது ரெஃப்ரிக்கு நம்பிக்கை தரும்.

குறைவாகக் கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் தவறு. மூன்றாண்டு வேலைக்கு ரசாயனம் ரூ.50,000 என்று போட்டிருந்தால், வேலையின் அளவு இவருக்குப் புரியவில்லை என்றுதான் படும்.

காகிதத்தில் தோற்பது

ஒப்புதல் கடிதத்தை, அறிவிப்பில் கொடுத்திருக்கும் வாசகத்திலேயே, நிறுவனத் தாளில், முத்திரையும் தேதியும் போட்டு, அதற்கு அதிகாரம் உள்ளவரே கையெழுத்திட்டுத் தர வேண்டும். துறைத்தலைவர் கையெழுத்து போதாது. இணை ஆய்வாளர் வேறு கல்லூரி என்றால் அங்கிருந்தும் ஒரு கடிதம்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய தலைவலி இனிஷியல். சான்றிதழில் எஸ். செல்வி, பாஸ்போர்ட்டில் செல்வி சுப்பிரமணியன், ஆய்விதழில் செல்வி எஸ். ஆய்விதழ்க் கட்டுரைகளைத் தொகுக்கும் ஸ்கோப்பஸ் தரவுத்தளம் மூன்று பேராக எண்ணி, கட்டுரைகளைப் பங்குபோட்டுவிடும். ரெஃப்ரி தேடினால் நாலு கட்டுரைதான் தெரியும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமான ஆர்கிட் எண் எடுத்து எல்லாவற்றையும் அதன்கீழ் சேர்த்து, பயோடேட்டாவில் அந்த எண்ணைக் கொடுங்கள். ஸ்கோப்பஸில் பிரிந்த பக்கங்களை இணைக்கக் கோரிக்கை வைக்கலாம், இலவசம்தான்.

அனுமதிகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. மனிதர்களிடம் ஆய்வென்றால் நெறிக்குழு, விலங்கென்றால் விலங்கு நெறிக்குழு, மரபணு மாற்றமென்றால் உயிரிப்பாதுகாப்புக் குழு. மூலிகையையோ நுண்ணுயிரியையோ வெளிநாட்டுக் கூட்டாளிக்கு அனுப்புவதாக இருந்தால் சென்னை தரமணியில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் படித்தாக வேண்டும். வெளிநாட்டுப் பணம் நேரடியாக வருமென்றால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.-இன் கீழான பதிவு குறுக்கே நிற்கும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்பணம் முதலில் புதுடெல்லி பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் வர முடியும், வேறு அமைப்புக்குப் பகிரவும் முடியாது.

கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு போர்டல் திணறும். அதைக் காரணம் காட்டி யாரும் தேதியை நீட்டிக்க மாட்டார்கள்.

நிராகரிப்புக்குப் பிறகும், நிதி வந்த பிறகும்

நிராகரித்தால் குறிப்புரை வரும். வராவிட்டால் கேட்டு வாங்கலாம். அதே பி.டி.எஃப்.-ஐ வேறு நிறுவனத்துக்குத் தேதி மாற்றி அனுப்புபவர்கள், துறைக்குள் ரெஃப்ரிகள் சிலரே என்பதை மறந்துவிடுகிறார்கள். அதே கோப்பு அதே கைக்குப் போகும். ஒரே திட்டத்தை இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் நிலுவையில் வைத்திருந்தால் அதைப் படிவத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நிதி கிடைத்தால், செலவுத் தலைப்பை மாற்றிச் செலவிடாதீர்கள். கருவித் தொகையில் மிச்சமானதை ரசாயனத்துக்கு எடுக்க முன் அனுமதி வேண்டும். பொருள்களைப் பொது நிதி விதிகள் சொல்லும்படி அரசின் இணையச் சந்தையான ஜெம் தளத்தில் தேடிய பிறகே பொதுவாக வெளியில் வாங்க முடியும். கொட்டேஷன் வரம்புகள் அண்மையில் திருத்தப்பட்டுள்ளதால் கணக்குப் பிரிவில் புதிய சுற்றறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். மார்ச் 31 முடிந்ததும் செலவு அறிக்கையும், ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் யு.சி. எனும் பயன்பாட்டுச் சான்றிதழும் போக வேண்டும். வங்கியில் சேர்ந்த வட்டி உங்களுடையதல்ல, அரசுக்குத் திருப்ப வேண்டியது. யு.சி. போகாதவரை அடுத்த தவணை வராது, ஜே.ஆர்.எஃப்.-க்குச் சம்பளமும் நிற்கும். ஐந்தாண்டு கழித்து நீங்கள் புதிய திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது, ‘முடிந்த புராஜெக்ட்கள்’ என்ற கட்டத்தை முதலில் பார்ப்பவர் அந்த அலுவலகப் பணியாளர்தான். பழைய யு.சி. பாக்கி இருந்தால் கோப்பு ரெஃப்ரிவரை போவதில்லை.