வெப்பப் பரிமாற்ற ஆய்வுக்கு வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

மெக்கானிக்கல் முடித்துவிட்டு வெப்பப் பரிமாற்றம், பாய்ம இயக்கவியல் பக்கம் ஆராய்ச்சிக்கு வருகிற பலர் வந்ததும் சிஎஃப்டி (பாய்ம ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும்) மென்பொருளைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். மென்பொருளுக்கு எதைக் கொடுத்தாலும் அழகான வண்ணப் படம் ஒன்றைத் தந்துவிடும். அந்தப் படம் சரியா என்று மென்பொருள் சொல்லாது. அதனால் முதலில், கையாலேயே விடை காணக்கூடிய எளிய கணக்கு ஒன்றை அதில் ஓட்டிப் பாருங்கள். வட்டக் குழாய்க்குள் முழுதாக வளர்ந்த (குழாய் நெடுக வேகப் பரவலும் வெப்பநிலைப் பரவலின் வடிவமும் இனி மாறாத) லேமினார் ஓட்டத்தில், அதாவது கொந்தளிப்பில்லாத அடுக்கு ஓட்டத்தில், சுவர் வெப்பநிலை மாறாமல் இருந்தால் நஸெல்ட் எண் (சுவருக்கும் பாய்மத்துக்கும் இடையே வெப்பம் எவ்வளவு நன்றாகக் கைமாறுகிறது என்பதன் அளவு) 3.66. சுவரில் வெப்பப் பாய்வு சீராக இருந்தால் 4.36. இந்த எண்களே வரவில்லை என்றால், அதே அமைப்பில் கணக்கிட்ட ஹீட் சிங்க் (கருவியின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) முடிவை எப்படி நம்புவது? அப்புறம், மெஷ்ஷை, அதாவது கணக்குக்காக இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலையை, இன்னும் நுணுக்கமாக்கினால் விடை நகர்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சூத்திரங்களிலும் இதே கவனம் வேண்டும். குழாய் ஓட்டத்தின் நஸெல்ட் எண்ணைக் கணக்கிடும் டிட்டஸ்-போல்டர் சமன்பாடு, ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் எவ்வளவு கொந்தளிப்பானது என்பதைக் காட்டும் எண்) 10,000-க்கு மேல் போகும் ஓட்டங்களுக்கானது. 4,000-இல் ஓடும் குழாய்க்கு அதைப் போடாதீர்கள். இதே வேலைக்கு க்னீலின்ஸ்கி என்ற ஆய்வாளர் 1976-இல் தந்த சமன்பாடு 3,000-இலிருந்தே பொருந்தும்.

சோதனைக்கூடத்தில்தான் பெரிய இழப்பு நடக்கிறது. சாதாரண கே வகை தெர்மோகப்பிளில் (இரு உலோகக் கம்பிகளால் ஆன வெப்பநிலை உணரி) 2.2 டிகிரி செல்சியஸ் வரை பிழை இருக்கலாம் என்று தரநிலையே அனுமதிக்கிறது. உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் 3 டிகிரிதான் வித்தியாசம் என்றால், அளவுதிருத்தம் செய்யாத கருவியை வைத்துக்கொண்டு எதைச் சொல்ல முடியும்? வெப்பப் பரிமாற்றியில் சூடான பக்கம் இழந்த வெப்பமும் குளிர்ந்த பக்கம் பெற்ற வெப்பமும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால், காரணம் தெரியும்வரை பேப்பர் எழுத உட்காராதீர்கள். கைடு அவசரப்படுத்தினாலும் சரி.

அடுத்தது, பரபரப்பான தலைப்பின் பின்னால் ஓடுவது. நானோ துகள் கலந்த திரவங்கள் வெப்பத்தை வழக்கத்துக்கு மீறி நன்றாகக் கடத்துகின்றன என்று 1990-களின் பிற்பகுதியிலிருந்து கட்டுரைகள் குவிந்தன. 2009-இல் வெளியான ஆய்வில், 30-க்கும் மேற்பட்ட ஆய்வு நிறுவனங்கள் ஒரே மாதிரிகளை அளந்து பார்த்தன. சோதித்த திரவங்களில் அப்படி அசாதாரணமான உயர்வு எதுவும் தென்படவில்லை. பழைய கோட்பாடே போதுமானதாக இருந்தது. பிஎச்டி தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, எதிர்பார்க்கும் மாற்றம் உங்கள் லேப் கருவியின் பிழையைவிடப் பெரியதா என்று கேளுங்கள். சேர்வதற்கு முன்பே அங்குள்ள சீனியர்களிடம் இதைக் கேட்டுவிடலாம்.