செங்கோட்டை முதல் புனலூர் வரை: கிராஃபில் நோடும் எட்ஜும் சேர்ப்பது எப்படி?

செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே 49 கிலோமீட்டர் மலை ரயில் பாதை. மீட்டர்கேஜை அகலப்பாதையாக்க 2010ல் மூடினார்கள். மறுபடி ரயில் ஓடியது 2018ல்தான். அத்தனை வருஷமும் இரண்டு ஊரும் இருந்த இடத்திலேயே இருந்தன, நடுவில் ரயில் மட்டும் இல்லை. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட கிராஃபும் இப்படித்தான். ஊர் நோடு (புள்ளி), வழி எட்ஜ் (கோடு). இரண்டையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும்.

பைத்தான் 3 என்ற நிரல் மொழியில் செய்வோம். அதில் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். சாவியும் அதற்குரிய மதிப்புமாகச் சேர்த்து வைப்பதுதான் டிக்‌ஷனரி. முதலில் காலியான ஒரு டிக்‌ஷனரி:

வழி = {}

அடுத்து நோடுகள். ஒவ்வோர் ஊருக்கும் உள்ளே இன்னொரு காலி டிக்‌ஷனரி:

வழி["செங்கோட்டை"] = {}
வழி["புளியரை"] = {}
வழி["ஆரியங்காவு"] = {}
வழி["புனலூர்"] = {}

நோடுகளை இங்கேயே முடித்துவிடுங்கள். எட்ஜ் போட்ட பிறகு இதே வரியை மறுபடி ஓட்டினால், அந்த ஊரிலிருந்து கிளம்பும் வழியெல்லாம் அழிந்துவிடும்.

இப்போது எட்ஜ்:

வழி["செங்கோட்டை"]["புனலூர்"] = "ரயில்"
வழி["புனலூர்"]["செங்கோட்டை"] = "ரயில்"
வழி["செங்கோட்டை"]["புளியரை"] = "சாலை"
வழி["புளியரை"]["செங்கோட்டை"] = "சாலை"

போக ஒரு வரி, திரும்பி வர ஒரு வரி. ஒருவழிப்பாதையாக இருந்தால் மட்டும் ஒன்று போதும். "ரயில்" என்ற இடத்தில் 49 என்று தூரத்தைப் போட்டாலும் சரிதான். குறுகிய வழி தேடும்போது அது உதவும்.

திரும்பி வரும் வரியை நான் வற்புறுத்த இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கம் ஒரே ஊருக்கு இரண்டு எழுத்து. தமிழில் ஆரியங்காவு, மலையாளப் பலகையைப் படித்தால் ஆர்யங்காவு. முதல் முறை நான் எழுதியது இது:

வழி["புளியரை"]["ஆர்யங்காவு"] = "சாலை"

பைத்தான் வாயே திறக்கவில்லை. உள்ளே இருக்கும் டிக்‌ஷனரிக்கு அது ஒரு புதுச் சாவி, அவ்வளவுதான். வெளியே அப்படி ஒரு நோடே கிடையாது. வழி தேட நான் எழுதிய நிரலில், புளியரையிலிருந்து கிளம்பிய தேடல் இல்லாத ஊரில் போய் முட்டி நின்றது. நானோ ராத்திரி முழுக்கத் தேடல் பகுதியிலேயே தவறைத் துழாவிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும் வரியையும் எழுதியிருந்தால்:

வழி["ஆர்யங்காவு"]["புளியரை"] = "சாலை"

அந்த இடத்திலேயே கீ எரர் (அப்படி ஒரு சாவி இல்லை என்ற பிழை) வந்து, எந்தப் பெயர் தவறு என்றும் காட்டியிருக்கும். வெளிச் சாவி இல்லாவிட்டால் பைத்தான் அடுத்த வரிக்கு நகராது.

அப்புறம் அச்சன்கோவில். பண்பொழி, மேக்கரை, அச்சன்கோவில் மூன்றையும் நோடாகச் சேருங்கள். செங்கோட்டையில் தொடங்கி வரிசையாக இணைத்தால் மூன்று எட்ஜ், ஆறு வரி. பண்பொழிக்கு எல்லா இடத்திலும் மூன்றுசுழி ண போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். முடித்ததும் print(வழி["மேக்கரை"]) என்று ஓட்டினால் பண்பொழி, அச்சன்கோவில் இரண்டும் தெரிய வேண்டும்.