ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிறீர்களா? கிராமரை இங்கிருந்து தொடங்குங்கள்

வெளிநாட்டில் படிக்க ஆசை, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதியே ஆக வேண்டும், ஆனால் எதில் தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் தடவை எனக்கு 9-க்கு லிசனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 6.5, ரைட்டிங் 5.5 வந்தது. சராசரி 6.625, அதை 6.5 என்று எடுத்துக்கொள்வார்கள். நான் கேட்டிருந்த படிப்புக்கு மொத்தம் 6.5 போதும், ஆனால் எந்தப் பிரிவிலும் 6-க்குக் குறையக் கூடாது என்று கீழே இன்னொரு வரி இருந்திருக்கிறது, அதை நான் கவனிக்கவில்லை. மறுபடியும் முழுக் கட்டணம் கட்டி எழுதினேன். உங்களுக்கு அது நேரக் கூடாது.

படி 1: முதலில் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைப் படியுங்கள்

மொத்த மதிப்பெண் எவ்வளவு, ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்தபட்சம் எவ்வளவு என்று இரண்டையும் எழுதி வையுங்கள். பட்டப்படிப்புக்கு அகாடமிக் தேர்வுதான் கேட்பார்கள், ஜெனரல் டிரெய்னிங் என்பது பெரும்பாலும் வேலைக்கும் குடியேற்றத்துக்கும். பிரிட்டன் போகிறவர்கள் சாதாரண ஐஇஎல்டிஎஸ் போதுமா, விசாவுக்கான யுகேவிஐ என்ற தனி வகை வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பதிவு செய்யுங்கள். மதிப்பெண் 2 வருடம்தான் செல்லும், அதனால் ரொம்ப முன்கூட்டியும் எழுத வேண்டாம்.

படி 2: படிக்கத் தொடங்கும் முன்பே ஒரு மாதிரித் தேர்வு

அதிகாரபூர்வ இணையதளத்திலேயே இலவச மாதிரித் தாள்கள் இருக்கின்றன. கடிகாரத்தை வைத்து ஒரே மூச்சில் எழுதுங்கள். லிசனிங் சுமார் 30 நிமிடம், 40 கேள்வி, ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். ரீடிங் 60 நிமிடம், அதுவும் 40 கேள்வி. ரைட்டிங் 60 நிமிடத்தில் இரண்டு பகுதி. ஸ்பீக்கிங் 11 முதல் 14 நிமிடம். ரீடிங்கிலும் லிசனிங்கிலும் 40-க்கு 23 சரியாக இருந்தால் ஏறக்குறைய 6, 30 சரியாக இருந்தால் ஏறக்குறைய 7. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள்.

படி 3: நாம் வழக்கமாகத் தடுக்கி விழும் கிராமர்

கிராமர் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தால் தேர்வு தேதிக்குள் முடியாது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது நாம் செய்யும் தப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், அவற்றை மட்டும் முதலில் பிடியுங்கள்.

காலம். 'மூன்று வருஷமாக இங்கே இருக்கிறேன்' என்பதைத் தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம், அதனால் கையும் தானாக 'ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று எழுதிவிடும். அங்கே வர வேண்டியது 'ஐ ஹேவ் பீன் லிவிங்'. அதே போல '2021-ல் டிகிரி முடித்திருக்கிறேன்' என்பது தமிழில் சரி, ஆனால் 'ஐ ஹேவ் ஃபினிஷ்டு மை டிகிரி இன் 2021' தப்பு. எப்போது நடந்தது என்று வருஷமோ நாளோ சொல்லிவிட்டால் 'ஹேவ்' வராது, 'ஐ ஃபினிஷ்டு' என்று நேராக முடிக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்கு நான் இரண்டு வாரம் ஒதுக்கினேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை.

எ, ஆன், தி. தமிழில் இவை கிடையாது, அதனால் விட்டுப்போவது நமக்குக் கண்ணிலேயே படாது. எண்ணக்கூடிய ஒரு பொருளை முதல் முறை சொன்னால் 'எ' அல்லது 'ஆன்', அதையே மறுபடி சொல்லும்போது 'தி', பொதுவாகப் பன்மையில் சொன்னால் ஒன்றும் வேண்டாம். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் ஆரம்பத்துக்கு இது போதும். அப்புறம், தமிழில் தகவல்கள், அறிவுரைகள், ஆய்வுகள் என்று சொல்கிறோம் இல்லையா? ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ் இரண்டுக்கும் கடைசியில் 'எஸ்' சேர்க்கக் கூடாது. ரிசர்ச், எக்விப்மென்ட், ஃபர்னிச்சரும் அப்படித்தான்.

வினைச்சொல்லின் கடைசி. போகிறேன், போகிறாய், போகிறாள் என்று தமிழில் ஆளுக்கு ஆள் மாற்றிப் பழகிய நாம், ஆங்கிலத்தில் ஹி, ஷி, இட் வரும்போது சேர்க்க வேண்டிய அந்த ஒரே ஒரு 'எஸ்'-ஐ விட்டுவிடுகிறோம். எழுவாயும் வினையும் தள்ளித் தள்ளி வந்தால் இன்னும் கவனம் வேண்டும். 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' என்று தொடங்கினால் 'ஹேஸ் இன்கிரீஸ்டு'தான் வரும், ஏனென்றால் பேச்சு எண்ணிக்கையைப் பற்றியது, மாணவர்களைப் பற்றியது இல்லை. வரைபடத்தை விவரிக்கும் கேள்வியில் இந்த வாக்கியம் அடிக்கடி தேவைப்படும்.

பை, டு. 30 பேர் 50 பேராக உயர்ந்தால் 'இன்கிரீஸ்டு பை 20', அல்லது 'இன்கிரீஸ்டு டு 50'. இரண்டையும் மாற்றிப் போட்டால் இலக்கணம் மட்டுமல்ல, சொன்ன தகவலே தப்பாகிவிடும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். 'டிஸ்கஸ்'-க்குப் பிறகு 'அபவுட்' வேண்டாம். 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' வேண்டாம்.

படி 4: தினமும் ஒரு கட்டுரை, ஒரு தப்பு நோட்டு

ரைட்டிங்கில் வரைபடத்தை விவரிக்கும் முதல் பகுதிக்குக் குறைந்தது 150 சொற்கள், கட்டுரை எழுதும் இரண்டாவதற்கு 250. இரண்டாவதற்கு இரண்டு மடங்கு மதிப்பு, அதனால் 20 நிமிடம், 40 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடைசி 4 நிமிடத்தில் புதிதாக எதுவும் எழுதாமல் மேலே சொன்ன தப்புகளை மட்டும் தேடுங்கள்.

எழுதியதைத் திருத்த ஒருவர் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் இரண்டு நாள் கழித்து நீங்களே வாய்விட்டுப் படியுங்கள், பாதித் தப்பு காதில் விழுந்துவிடும். ஒவ்வொரு தப்பையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: இடப்பக்கம் நான் எழுதியது, வலப்பக்கம் சரியானது. பத்து கட்டுரை முடிந்ததும் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். என் நோட்டில் பாதிக்கு மேல் 'தி' விட்டுப்போனதுதான் இருந்தது. இரண்டாவது தடவை ரைட்டிங் 7 வந்ததற்கு இந்த நோட்டுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

மனப்பாடக் கட்டுரையை நம்பாதீர்கள், தேர்வாளருக்கு அது தெரிந்துவிடும், மதிப்பெண்ணும் போகும். பெரிய பெரிய சொற்களைத் தேடிப் போகவும் வேண்டாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னீர்களா, கருத்து கோர்வையாக வருகிறதா, சொல் பொருத்தமாக இருக்கிறதா, இலக்கணம் சரியா என்ற நான்குக்கும் சமமாகத்தான் மதிப்பெண் போடுகிறார்கள்.

படி 5: மற்ற மூன்றும்

ரீடிங்கில் ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் கேள்விதான் பலரையும் குழப்பும். கேள்வியில் கொடுத்த வாக்கியத்துக்கு எதிராகப் பத்தி சொன்னால் ஃபால்ஸ், அதைப் பற்றிப் பேசவே இல்லையென்றால் நாட் கிவன். உங்களுக்கு வெளியே தெரிந்த விஷயத்தை உள்ளே கொண்டுவராதீர்கள்.

லிசனிங்கில் எழுத்துப்பிழை இருந்தால் விடை தப்பு. இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது என்றால் மூன்று எழுதினாலும் தப்புதான்.

ஸ்பீக்கிங்கில் உச்சரிப்பு தெளிவாகப் புரிந்தால் போதும், வெள்ளைக்காரர் மாதிரி பேச வேண்டியதில்லை. இரண்டாவது பகுதியில் ஒரு அட்டை கொடுத்து, 1 நிமிடம் யோசிக்க விட்டு, 2 நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். அந்த 2 நிமிடம் நினைப்பதைவிட நீளமானது. தினமும் ஒரு தலைப்பை எடுத்து போனில் பதிவு செய்து கேளுங்கள், 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' மாதிரி ஏதாவது வந்தால் 'ஐ ஹேவ்' என்று திருத்தி அதையும் நோட்டில் சேருங்கள்.

தேர்வன்று, பதிவு செய்தபோது கொடுத்த அதே பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டு போங்கள். முதல் நாள் இரவே பையில் வைத்துவிடுங்கள்.