வாலில்லாத நிலா அந்துப்பூச்சி

மேற்குத் தொடர்ச்சி மலையோர ஊர்களில், காலையில் வாசல் விளக்கின் கீழே எறும்பு பாதி தின்ற இளம்பச்சை அந்துப்பூச்சி சில நாள் கிடக்கும். நீண்ட வால் இல்லையே என்று வேறு இனமாக எண்ணிவிடாதீர்கள். நிலா அந்துப்பூச்சியின் உடலில் எளிதில் முறிவதே பின்னிறக்கை வால்கள்தான். வௌவாலின் தாக்குதலை உடலிலிருந்து திசைதிருப்ப அவை உதவுகின்றன என்கிறார்கள் ஆய்வாளர்கள், அறுந்துபோவதில் வியப்பென்ன!

நிறத்தையும் முழுதாக நம்ப வேண்டாம், பழைய உடலில் பச்சை வெளுத்துவிடும். முன்னிறக்கையின் முன்விளிம்பில் ஓடும் செம்பழுப்புப் பட்டையைத் தேடுங்கள். பிறகு இறக்கைக்கு ஒன்றாக உள்ள கண் போன்ற புள்ளி, வெண்பஞ்சு போர்த்தியது போன்ற உடல். தலை மிஞ்சியிருந்தால் உணர்கொம்பைப் பாருங்கள்: அகன்ற சீப்பு போலிருந்தால் பெரும்பாலும் ஆண். உறிஞ்சுகுழல் தென்படாவிட்டால் உடைந்துபோனதாக நினைக்க வேண்டாம். வளர்ந்த பூச்சி எதையும் உண்பதில்லை.

விரலால் எடுத்தால் செதில்கள் மாவாக ஒட்டிக்கொள்ளும். மடித்த காகிதத்தால் அள்ளி, அருகே ஒரு ரூபாய் நாணயம் வைத்து, மேல்புறம், அடிப்புறம் இரண்டையும் படமெடுங்கள். தேதியும் இடமும் அப்போதே எழுதுங்கள். சுற்றிலும் சிதறிய துண்டுகளையும் பொறுக்குங்கள். என் பெட்டியில் இருப்பது மூன்று துண்டாகக் கிடைத்ததுதான்.